ரத்தம் வராத ஈறு

பல் மருத்துவரின் விளக்கு, சாய்நாற்காலியில் கிடப்பவனின் திறந்த வாய்க்குள் வெள்ளை வெளேரென்று விழுகிறது. காலையில் ரொட்டியைக் கடித்தபோது ஒரு பல் ஆடியது என்று வந்தவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பக்கத்தில் கைப்பையை மடியோடு அணைத்தபடி அவன் மனைவி. எச்சிலை உறிஞ்சும் குழாய், உறிஞ்ச ஒன்றுமில்லாமல் காற்றை இழுத்துக் கரகரக்கிறது. மருத்துவர் மெல்லிய கம்பியை ஈறோரம் வைக்கிறார். அது தடையே இல்லாமல் உள்ளே இறங்குகிறது.

“ரத்தமே வரலையே டாக்டர், அப்போ நல்லாத்தானே இருக்கு?”

“வந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்மா. நிகோடின் அதை மறைச்சிடுச்சு. உள்ளே எலும்பு கரைஞ்சு கிடக்கு. சிகரெட்டா?”

“ஐயோ, அதை எப்பவோ விட்டுட்டார். இப்ப வேப் மட்டும்தான், அந்த பேட்டரி சிகரெட். வெறும் ஆவிதானே...”

“அதுலயும் அதே நிகோடின்தாம்மா,” என்றபடி மருத்துவர் முன்பல்லை விரலால் தொடுகிறார். அசைகிறது. அடுத்ததும் அசைகிறது. அதற்கடுத்ததும். மனைவியின் முகம் வெளிறிப்போகிறது.

“நான்தான் டாக்டர்.” கைப்பையை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். “சிகரெட்டை விடட்டும்னு அவர் பிறந்தநாளுக்கு அந்த வேப்பை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தீரத் தீர நானே வாங்கிட்டு வந்தேன்.”

இல்லை, இல்லை என்று அவன் தலையை ஆட்டுகிறான். வாய் நிறையக் கருவிகள், பேச முடியவில்லை. கை மட்டும் அவளைத் தேடி நீள்கிறது.

“அசையாதீங்க,” என்கிறார் மருத்துவர்.

கை அந்தரத்தில் நிற்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. விளக்கொளியில் பளிச்சிடும் அந்தப் பற்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.