சமாதானம் கூறும் நேரம்

மாசிலாமணியின் மகன்மீது வேனை ஏற்றிவிட்டு ஓடிப்போன சாலமோன், எட்டு மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் கோயிலுக்கு வந்திருந்தான். சபைக் குருவான ஐயரே அவனைக் கூட்டிவந்து மாசிலாமணியின் பக்கத்தில் உட்காரவைத்தார். பகைவரையும் நேசிப்பதைப் பற்றித்தான் பிரசங்கம். அது முடிந்ததும், நற்கருணைக்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் நேரம் வந்தது. பீடத்திலிருந்து கைக்குக் கையாக இறங்கிவந்த சமாதானம் மாசிலாமணியிடம் வந்து நின்றது. சபை முழுவதும் அவரையே பார்த்தது. சாலமோன் கூப்பிய கைகளை நீட்டினான். அவர் அவற்றைத் தம் இரு கைகளுக்குள் பொதிந்துகொண்டார். "ஸ்தோத்திரம்!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் உடைந்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாசிலாமணி அவன் காதருகே குனிந்தார். எட்டு மாதமாக வேறு யாரிடமும் கேட்க முடியாமல் இருந்ததைக் கேட்டார்.

"எம் மவன் உடனே சாவலைன்னு டாக்டர் சொன்னாரு. நீ ஓடுறதுக்கு முன்னால எதுவும் சொன்னானாலே?"

"அண்ணாச்சி, என்னய மன்னிச்சிருங்க..."

"அது பொறவு. என்ன சொன்னான்?"

சாலமோன் அழுதான். "தண்ணி கேட்டான், அண்ணாச்சி."

"குடுத்தியா?"

அவன் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகள் விடவில்லை. சபை எழுந்து நின்று பாடத் தொடங்கியது. முன்வரிசைக்காரர்கள் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் பீடத்தை நோக்கி நகர்ந்தார்கள்.

"வண்டியில தண்ணி இருந்துச்சாலே?" என்றார் மாசிலாமணி.