பெயரெழுதிய கிண்ணம்

அந்தப் பெண் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது தன் முகத்தையா, சமையலறை அலமாரியையா என்று மரிவோனால் பிறகு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அலமாரியைத்தான் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

வெளியூர்க் குரல் வாசலில் கேட்டதுமே மரிவோன் அலமாரியிலிருந்த கிண்ணத்தை எடுத்துத் துணிப்பெட்டிக்குள் ஒளித்துவிட்டாள்.

பிரான்சின் பிரெத்தோன் பகுதி வீடுகளில் ஆளுக்கொரு கிண்ணம், பெயரெழுதி, இரண்டு பக்கமும் காது வைத்து. எங்கே போனாலும், கிண்ணம் அலமாரியில் இருக்கும்வரை அவர் அந்த வீட்டு ஆள்தான். போன கோடையில் மாடி அறையில் வாடகைக்குத் தங்க வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவன், செத்துப்போன கணவருடைய கிண்ணத்தைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவளுடையது என்றோ உடைந்துபோனது; மிச்சமிருப்பது, அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பிப்போன மகன் எர்வானுடையது மட்டும். அதையும் இழக்க மரிவோன் தயாராக இல்லை.

"ரெண்டு பேருக்கு ரூம் வேணும், மதாம். அவர் சதுக்கத்துல கார்லயே இருக்கார். நான் பார்த்துட்டுப் போய்ச் சொல்லணும்."

"தாராளமாப் பாருங்க. மாடியில ரெண்டாவது கதவு."

அந்தப் பெண் மாடிப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. "இங்கெல்லாம் பேரெழுதின கிண்ணம் வெச்சிருப்பாங்களாமே? உங்க அலமாரியில ஒண்ணையும் காணோமே?"

வந்துவிட்டாள் விஷயத்துக்கு!

"சர்ச் பக்கத்துக் கடையில விக்கிறான். காசு குடுத்தா உங்க பேரையே எழுதித் தருவான்."

"கடையில வேணாம். உங்க வீட்டுது... உங்க பிள்ளைங்களோடது ஏதாவது..."

"எனக்குப் பிள்ளையும் இல்ல, கிண்ணமும் இல்ல. ரூம் வேணுமா, வேணாமா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. வெகுநேரம் அலமாரியின் வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம், மதாம்."

அவள் போனதும் மரிவோன் கிண்ணத்தை வெளியே எடுத்தாள். சமையலறைத் துணியால் துடைத்து, பெயர் தெரியும்படி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பக்கத்து வீட்டு ஜோபிக், கக்கத்தில் ரொட்டியோடு, சதுக்கத்திலிருந்து இரைக்க இரைக்க ஓடி வந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு வாய் காப்பிகூடக் குடுக்காம அனுப்பிட்டியே!"

"எவளோ வியாபாரி. போனாப் போறா."

"அவ யாரோ எனக்குத் தெரியாது, மரிவோன். அழுதுக்கிட்டே வண்டிய ஓட்டிட்டுப் போனது நம்ம எர்வான்."