பூமணி என்ன முறை?

கல்முனைக்குடியில் நிக்காஹ் தொடங்கும் நேரம். பாண்டிருப்பிலிருந்து வாழைக்குலையோடு வந்த பூமணியை மாப்பிள்ளையின் சாச்சா பந்தல் வாசலில் மறித்தார்.

“ஊரே தமிழ்-முஸ்லிம் கலவரத்தில கிடக்கு. தமிழாளுக்கு இங்க என்னகா வேலை?”

பெண்ணின் உம்மா நாச்சியா ஓடிவந்தாள். “மறிக்காதீங்க. என்ட மகள் இவட பால் குடிச்சுத்தான் தப்பினவள்.”

பூமணிக்குப் பெருமை தாங்கவில்லை. “உங்கட மாப்பிள்ளையும்தான்! அவர்ட உம்மா மௌத்தாகி, தாயில்லாமக் கிடந்த நேரம், ரெண்டு மாசம் நான்தானே பால் குடுத்தன். ரெண்டும் என்ட புள்ளையள்!”

நிக்காஹ் எழுத இருந்த மௌலவி பேனையை மூடினார்.

“எங்கட மார்க்கத்தில ஒரே பால் குடிச்சவங்க கூடப்பொறந்த காக்காவும் தங்கச்சியும். இந்த நிக்காஹ் செல்லாது.”

“ஐயோ, நான் சைவக்காரி எல்லோ! என்ட பாலுக்கு உங்கட மார்க்கத்தில என்ன கணக்கு?”

மௌலவியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“பால் குடுத்தா, நீங்களும் உம்மாதான்.”