புறங்கை

கட்டுமரம் முடிந்தது. சுருட்டு முடிந்தது. மிளகுத்தண்ணி வெள்ளைக்காரன் வாயில் ‘மல்லிகடானி’ ஆன கதைக்கு வகுப்பே சிரித்து ஓய்ந்தது.

அடுத்து அம்சவல்லி.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்திருந்தார் மேடம். அகராதியில் தேடி, அந்தச் சொல் பிறந்த கதையைக் கரும்பலகை முன்னால் நின்று சொல்ல வேண்டும். அம்சவல்லிக்கு வந்த சொல் ‘பரையா’.

தேவயானி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெரம்பலூர்க் கல்லூரி விடுதியில் அவளும் அம்சவல்லியும் ஒரே அறை. சாப்பாடும் ஒரே தட்டில்தான். தன் அப்பா கொத்தனார் என்று சேர்ந்த அன்றே தேவயானி சொல்லி வைத்திருந்தாள். ஊரில், திருமழபாடிப் பக்கத்தில், அப்பா பறையடிப்பவர் என்று தெரிந்தால் அந்தத் தட்டு என்னாகும் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட விடுதியில் ஏற்கெனவே ஆகியிருக்கிறது.

அதனால்தான் நேற்றே நூலகத்துக்குப் போய் அகராதியில் அந்தச் சொல் இருந்த பக்கத்தைப் பிரித்தாள். கிழித்துவிடலாமா என்றுகூட இருந்தது. தைரியம் வரவில்லை. மனப்பாடம் ஆகும்வரை படித்துவிட்டு மூடி வைத்தாள்.

அம்சவல்லி சாக்பீஸோடு நின்று, அகராதியில் இருந்ததை வரி மாறாமல் சொன்னாள். பறை அடிக்கும் மக்களின் பெயர் அது. ஆங்கிலம் எடுத்துப்போய், யாருக்கும் வேண்டாதவன், ஒதுக்கப்பட்டவன் என்று ஆக்கிக்கொண்டது.

பின்பெஞ்சில் ஒருத்தி ஏதோ முணுமுணுக்க, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தேவயானியும் சிரித்துவைத்தாள்.

அம்சவல்லி உட்கார வரவில்லை.

“பறைய நெருப்புல காட்டிட்டு, தோல்ல புறங்கைய வச்சுப் பாக்கணுங்க மேடம். கை பொறுத்துச்சுன்னா இன்னும் காயணும்.”

மேடம் நிமிர்ந்தார். “இதெல்லாமா டிக்‌ஷனரியில போட்டிருக்கான்?”

“போட்டிருக்குங்க மேடம்.”

அப்பா நீட்டிய பறையில் சின்ன வயதில் வைத்துப் பார்த்த அதே புறங்கையைத் தேவயானி மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

அம்சவல்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

“கடைசியா சொன்னது அந்தப் பக்கத்துல இல்லியேடி,” என்றாள் தேவயானி, உதடு அசையாமல்.

அம்சவல்லியின் முகம் வெளுத்தது. கரும்பலகையைப் பார்த்தபடி அவளும் உதடு அசையாமல் கேட்டாள்.

“எனக்கு வந்த பக்கத்த நீ எதுக்குடி படிச்ச?”