பைக்குள் இருந்த கத்தரிக்கோல்

"பையில சோப்பு இருக்கு, எடுத்துக் குடுடி" என்று எதிர்வீட்டுத் தோழி குளியலறைக்குள்ளிருந்து கேட்க, விடுதிக் கட்டிலில் கிடக்கும் அவளுடைய கறுப்புப் பைக்குள் தையல்காரி கைவிட்டுத் துழாவுகிறாள். ஜன்னல் வழியே காலை வெயில் வருகிறது. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறித் தோழியின் பாட்டு வருகிறது. பதினெட்டு வருஷப் பழக்கம். ஒருத்தி தும்மினால் மற்றவள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள் என்று தெருவே கேலி பேசும். சேர்ந்து ஊர்சுற்றக் கிளம்பியது மட்டும் இதுதான் முதல் தடவை. விரலில் சில்லென்று ஏதோ தட்டுப்பட, வெளியே எடுக்கிறாள். பிடியில் சிவப்பு நூல் சுற்றிய சின்னக் கத்தரிக்கோல். அந்த நூலைச் சுற்றியது அவளேதான். மூன்று வருஷத்துக்கு முன் இது காணாமல் போனபோது, தன் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவளைத் திருடி என்று ஊர் கேட்கத் திட்டித் துரத்தினாள். "அவ முழியே சரியில்லன்னு அன்னைக்கே சொன்னேன்லடி?" என்று பக்கத்தில் நின்று தூபம் போட்ட மகராசிதான் இப்போது உள்ளே பாடுகிறாள். தையல்காரிக்குத் திறந்த வாயை மூடத் தோன்றவில்லை. கத்தரிக்கோலில் பட்ட வெயில் எதிர்ச்சுவரில் ஒரு துண்டு வெளிச்சமாக ஆடுகிறது. "ஒரு சோப்பு எடுக்க இவ்வளவு நேரமா? கறுப்புப் பையைக் குடையாதடி, நீலப் பையில பாரு!" என்கிறாள் தோழி. தையல்காரி கத்தரிக்கோலை 'கிறிச்' என்று ஒருமுறை விரித்து மூடுகிறாள். உள்ளே பாட்டு நின்றுபோகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் நிற்கிறது.