தண்ணி லாரிக்கு ஒரு பேரம்

“இருபது லட்சமா? உன் தண்ணி லாரி ஆப்புக்கா? அஞ்சுன்னா சொல்லு, இப்பவே முடிச்சுக்கலாம்.”

பிரேம் போட்ட சத்தத்தில் அந்த மினி ஹாலே திரும்பிப் பார்த்தது. மைக்கோடு நின்ற மிருதுளாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

புதுசாகத் தொழில் தொடங்குகிறவர்கள் வந்து பேச, காசுள்ளவர்கள் பிடித்திருந்தால் பங்கு வாங்கிப் பணம் போடுகிற கூட்டம் அது. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மிருதுளாவின் நேரம், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் முறை வந்தது. சுந்தரராமன், பேங்கில் பெரிய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி உமேஷ் போனை நோண்டிக்கொண்டிருந்தார். பிரேம் வாயைத் திறக்கும்வரை ஒருத்தர்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாள். அப்பா தண்ணி லாரி டிரைவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒற்றை ரூம் வீட்டில் வளர்ந்த பெண். பள்ளிக்கரணைப் பக்கம் ஃப்ளாட்காரர்கள் லாரிக்குப் போன் போட்டே ஓய்ந்துபோவதைப் பார்த்துவிட்டு, புக் பண்ணினால் லாரி எங்கே வருகிறது என்று காட்டுகிற ஆப் செய்தாள். ஆப் நன்றாகத்தான் ஓடியது. கையிருப்புதான் தீர்ந்துவிட்டது. இன்றைக்குப் பணம் கிடைக்காவிட்டால் இந்த மாசத்தோடு கம்பெனியை மூடிவிட்டு எங்கேயாவது வேலைக்குப் போகவேண்டியதுதான்.

அவள் கேட்டது, பத்து சதவீதப் பங்குக்கு இருபது லட்சம். அதைப் போய் அஞ்சுக்குக் கேட்கிறாரே இந்த மனுஷன்.

“கால்வாசிக்குக் கேக்கறீங்களே சார்.”

“பின்ன? இன்னாமா கீது இதுல? லாரி உன்னுதா? தண்ணி உன்னுதா? ஒரு போன வெச்சுகினு இருபதுன்னா எப்டி?”

“கோவளத்துல மீன் வித்த ஆளு. இவ்ளோ சம்பாதிச்சும் புத்தி போகல பாரு,” என்று பின்னால் யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

உண்மைதான். அம்மாவோடு கூடையில் மீன் விற்றவர் பிரேம். இன்றைக்கு ஐஸ் பெட்டியில் வீட்டுக்கு வீடு மீன் அனுப்புகிற கம்பெனிக்கு முதலாளி. கஷ்டப்பட்டு மேலே வந்தவர், நம் கஷ்டம் புரியும் என்று மிருதுளா நம்பி வந்ததே இவரைத்தான்.

“லாரி என்னுது இல்ல சார். ஆனா லாரிக்காரங்க எங்க கூட இருக்காங்க. ஒரு தடவ புக் பண்ணவங்க வேற எங்கயும் போறதில்ல.”

“அல்லாரும் அப்டிதான் சொல்வாங்க. மழ பேஞ்சா எவன் லாரி கூப்புடுவான்?”

“மழையிலதான் சார் எங்களுக்கு புக்கிங் ஜாஸ்தி. தெருவுல முட்டிக்கால் தண்ணி நிக்கும், சம்ப்புத் தொட்டியில சாக்கடை கலந்துடும். குடிக்க, குளிக்க எல்லாத்துக்கும் லாரிதான்.” கோபத்தில் குரல் கணீரென்று வந்தது.

உமேஷ் போனைக் கீழே வைத்தார்.

“சரி, ஏழு,” என்றார் பிரேம்.

“இருபது சார்.”

“எட்டு. அதுக்கு மேல இன்னாத்துக்குமா குடுக்கணும்?”

சுந்தரராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இரும்மா, லாரிக்காரங்களுக்குப் பணம் எப்ப குடுக்கற?”

அவள் சொன்னாள். உமேஷ் ஒன்று கேட்டார். பின்வரிசையில் சிரித்தவரும் ஒன்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

“சும்மாவா இந்த ஆளு இப்படி அடிச்சுக் கேக்கறாரு? ஏதோ விஷயம் இருக்கு,” என்று சுந்தரராமன் உமேஷ் காதைக் கடித்தார்.

“பத்து. அவ்ளோதான்,” என்றார் பிரேம்.

“பதினெட்டு,” என்றார் உமேஷ்.

“கேட்ட இருபதையும் நான் தரேன்,” என்றார் சுந்தரராமன்.

கடைசியில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து இருபத்தஞ்சு லட்சம் தருவதாக முடிந்தது. ஹால் முழுக்கக் கைதட்டல். “எனக்குக் கட்டுப்படி ஆவாதுப்பா,” என்று பிரேம் எழுந்து வெளியே போய்விட்டார்.

மிருதுளா அப்பாவுக்குப் போன் போட்டாள். அழுதாள், சிரித்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. அத்தனை பேர் எதிரில் மட்டம் தட்டின ஆளைச் சும்மா விடுவதா? விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். பிரேம் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் அவர் மனைவி வெண்ணிலா.

“சார், உங்க பத்து லட்சத்தப் பத்திரமா வெச்சுக்குங்க. வேற ஏழைப் பொண்ணு யாராவது வருவா, அடிச்சு வாங்கிக்கலாம்.”

“சரிம்மா. நல்லா இரு,” என்று சிரித்தார் பிரேம்.

வெண்ணிலா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “பத்தா? லிஸ்ட்ல பாத்துட்டு, தண்ணி லாரிப் பொண்ணு கேட்ட இருபதையும் குடுத்தே ஆவணும்னு தான காலையில என்னை பேங்குக்கு அலைய வுட்ட?”

“இருபதா?” என்றாள் மிருதுளா.

பிரேம் மாட்டிக்கொண்டவர்போல் தலையைச் சொறிந்தார்.

“யாரும் வரலன்னா குடுத்துட்டுதான் வந்திருப்பேன் வெண்ணிலா. ஆனா நம்ம அம்மா கூடை போணியாவாம கெடந்தா, பக்கத்துக் கூடை அக்கா இன்னா பண்ணும்? வாங்க வந்த மாதிரி நின்னுகினு, சத்தம் போட்டு பேரம் பேசும். இன்னா சண்டைன்னு பாக்க வர்றவன் மீனையும் பாப்பான். கூட்டம் சேந்ததும், அது பாட்டுக்கு அது கூடைக்குப் போய்டும்.”