சுனிதா என்று எழுதிய குழாய்

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டாம் முறை வாசித்தபோதே ராகேலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நல்ல சேதி என்றால் ஒரு தடவை போதுமே.

பக்கத்தில் மகள் சுனிதா. நான்கு வருடமாக லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய ரத்தம் உடம்போடேயே சண்டைக்கு நிற்கிற நோய். மாத்திரையில் ஓடுகிறது. அதையெல்லாம் மறைக்காமல் சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளையும் சம்மதித்துவிட்டார்.

வினை அவருடைய அக்காள் ரூபத்தில் வந்தது. அவள் குவைத்தில் நர்ஸ். சிறுநீரகம் கெடத் தொடங்கினால் வெளியே தெரியும் முன்பே ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் இருக்கிறது, அதை எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள், பிறகு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம் என்றுவிட்டாள். மற்றவர்களிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். நர்ஸிடம் என்ன சொல்வது?

போன வாரம் லேப்பிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனாள். புதுக்கடை ஊரில் அவளுக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. சுனிதா யார் என்று கேட்டாள், ராகேல் காட்டினாள், ஊசியைப் போட்டாள். அன்றிலிருந்து ராகேலுக்கு ஜெபம் ஒழுங்காக வரவில்லை.

டாக்டர் பேப்பரைக் கீழே வைத்தார். சிறுநீரகத்தில் பாதிப்பு தொடங்கிவிட்டது என்றார். இப்போதே மருந்தைக் கூட்டினால் பிடித்து நிறுத்தலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

சுனிதா அழவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

பிள்ளை அதிர்ந்துபோய்விட்டாள் என்று நினைத்து அவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். கால் வீங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். சிறுநீரில் நுரை? அதுவும் இல்லை. சீட்டை இழுத்து அவள் பெயரை எழுதத் தொடங்கினார்.

அதற்குமேல் ராகேலால் சும்மா இருக்க முடியவில்லை.

“எழுதண்டாம் டாக்டரே. அந்த ரத்தம் இவளுக்க இல்ல. வெளிய இருக்கிய எளையவளுக்க.”

ஒரு குறையும் இல்லாத பிள்ளை என்று நம்பித்தான் இளையவள் லீமாவை அன்று நாற்காலியில் உட்கார வைத்தாள். வேண்டாம் என்று அழுத சுனிதாவை அடுக்களைக்குள் அனுப்பினாள். லீமா மறுபேச்சுப் பேசாமல் கை நீட்டினாள். அக்காளுக்கு நல்லது நடந்தால் போதும் என்றாள்.

செய்தது பாவம். அந்தப் பாவத்தைச் செய்யாதிருந்தால் இளையவளின் நோய் தெரிந்தே இருக்காது. அதை நினைத்துத் தேறிக்கொள்ளவும் ராகேலுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. இருவருக்கும் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும், அவளைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ராகேல் கதவைத் திறந்தாள். பெஞ்சில் இருந்த லீமா போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். உள்ளே கேட்டுவிடாதபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மாவின் காதருகே கேட்டாள்:

“டாக்டரு நம்பிட்டாராம்மா?”